மேனேஜருக்கு மறதி

டாக்டர் உட்காரச் சொன்னார். அக்கா உட்கார்ந்தாள். உடனே எழுந்துவிட்டாள்.

காலையிலிருந்தே அவளுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

தம்பி கட்டிலின் ஓரத்தில் காலைத் தொங்கப்போட்டுக்கொண்டு சமர்த்தாக இருந்தான். வயது நாற்பதைத் தாண்டிவிட்டது. அக்காவின் பியூட்டி பார்லரில் துண்டு மடிப்பது அவன் வேலை. நீளவாக்கில் மடித்து, தட்டி, இறுக்கிச் சுருட்டினால் ஒரு நூல் பிசகாது. மடிக்கிற கையோடு அத்தனை பேரையும் அதிகாரம் பண்ணுவான். அதனால் வாடிக்கைக்காரிகள் அவனுக்கு வைத்த பெயர் மேனேஜர்.

டவுன் சிண்ட்ரோமோடு பிறந்தவன். கைக்குழந்தையாக இருந்தபோதே இதயத்தில் இருந்த ஓட்டையை அடைத்தார்கள். அம்மா போன பிறகு அவனுடைய இதயம், தைராய்டு, கண், எடை எல்லாம் அக்கா தலையில் விழுந்தது. ஒரு பரிசோதனையைக்கூட அவள் தள்ளிப்போட்டதில்லை.

இப்போது வந்திருப்பது மறதி.

இப்படிப் பிறந்தவர்களில் பலருக்கு நாற்பதுக்கு மேல் ஞாபகம் சீக்கிரமே கழன்றுகொள்ளலாம் என்று எங்கோ படித்துத் தொலைத்தாள். அன்றிலிருந்து அவனை விட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

கூப்பிட்டால் திரும்புவதில்லை. ஒன்று சொன்னால் வேறொன்று செய்கிறான். சாப்பிடுகிறாயா என்று கேட்டால் சிரிக்கிறான். எல்லாவற்றையும்விடக் கொடுமை, சாமான்களைக் கண்ட இடத்தில் வைக்கிறான். அவனுடைய கிரீம் பிஸ்கட் அவள் கைப்பைக்குள் இருந்தது. உயிராக வைத்திருக்கும் நாலு கலர் பேனா அவள் தலையணைக்கு அடியில். தொப்பி அவள் செருப்பின் மேல்.

அவள் ஒன்றும் கேட்காமல் எடுத்துக்கொண்டுபோய் அவன் அலமாரியிலேயே வைத்துவிடுவாள். கேட்டால் பயந்துவிடுவானாம்.

கடைப் பெண்களுக்கும் கண்டிப்பாகச் சொல்லிவைத்தாள். மேனேஜரிடம் யாரும் குரலை உயர்த்தக்கூடாது. எது சொன்னாலும் மெதுவாகச் சொல்ல வேண்டும். அரட்டையும் டிரையர் சத்தமுமாக இருந்த பார்லர் பரீட்சை ஹால் ஆகிவிட்டது. வீட்டிலும் அவள் பூனை மாதிரி நடந்தாள், குசுகுசுவென்று பேசினாள்.

அவன் இன்னும் மோசமானான்.

டாக்டர் அவன் எதிரே வந்து நின்று பெயரைக் கேட்டார். "மேனேஜர்" என்றான், நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு. பிறகு டாக்டர் அவன் முதுகுப் பக்கமாகப் போய், கை கழுவிக்கொண்டே, சாப்பிட்டாயிற்றா என்று கேட்டார். அவன் பாட்டுக்குக் காலை ஆட்டிக்கொண்டிருந்தான்.

பார்த்தீர்களா என்பது போல அக்கா பார்த்தாள்.

இன்னும் கொஞ்ச காலத்தில் தன்னையும் யாரென்று கேட்பானோ? கேட்டால்கூடப் பரவாயில்லை. யார் வீட்டிலோ மாட்டிக்கொண்டோம் என்று அவன் மிரண்டுவிடக்கூடாது. அதை மட்டும் அவளால் தாங்க முடியாது.

டாக்டர் ஒரு சின்ன விளக்கை அவன் காதில் வைத்து எட்டிப் பார்த்தார். ஞாபகத்தைப் பார்க்கச் சொன்னால் காதைப் பார்க்கிறாரே என்று அக்காவுக்கு எரிச்சலாக வந்தது. கைப்பையின் ஜிப்பைத் திறந்தாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"கடையிலயும் இப்படித்தானா?"

"கடையில பரவால்ல டாக்டர். கண்ணாடி முன்னாடி நின்னு சொன்னா டக்குனு செய்வான். வீட்டுக்கு வந்தாத்தான் சுத்தம்."

டாக்டர் சிரித்துவிட்டார். அக்காவுக்குச் சுருக்கென்றது.

நர்ஸ் ஒரு கிண்ணத்தை அவன் காதடியில் பிடிக்க, டாக்டர் வெதுவெதுப்பான தண்ணீரைப் பீச்சினார். தம்பி தோளைக் குறுக்கிக்கொண்டு நெளிந்தான். கொஞ்ச நேரத்தில் கிண்ணத்துக்குள் கறுப்பாக ஒரு கட்டி விழுந்தது. அடுத்த காதிலிருந்து விழுந்தது அதைவிடப் பெரிது.

இவர்களுக்குக் காதுத் துளையே குறுகலாக இருக்கும், குறும்பி சேர்ந்து சுலபமாக அடைத்துக்கொள்ளும், வருஷா வருஷம் காதைப் பார்த்திருக்க வேண்டும் என்றார் டாக்டர். கடையில் கண்ணாடிக்குள் எல்லார் வாயையும் பார்த்துப் பார்த்துத்தான் இவ்வளவு நாளும் சமாளித்திருக்கிறான். ஞாபகத்தையும் பிறகு சோதித்துவிடலாம், ஆனால் தனக்கு அந்தப் பயம் இல்லை என்றார்.

இதயத்தைப் பார்த்தாள், தைராய்டைப் பார்த்தாள், கண்ணைப் பார்த்தாள். காதை விட்டுவிட்டாள். போதாததற்கு ஊரையே மெதுவாகப் பேசவும் வைத்துவிட்டாள். அக்கா தலையில் அடித்துக்கொண்டாள். ஆனாலும் போன உயிர் திரும்பி வந்திருந்தது.

தம்பி மின்விசிறியை அண்ணாந்து பார்த்தான். வெளியே யாரோ இருமியதற்குத் திரும்பினான்.

"டேய் மேனேஜர்! நான் பேசறது கேக்குதாடா?" அறையே அதிரும்படி கத்தினாள் அக்கா.

அவன் முகம் மலர்ந்தது. அடுத்த கணமே உதடு பிதுங்கியது. அவன் பேச்சு பழகிய காதுக்குத்தான் முழுசாகப் புரியும். அவளுக்கு ஓர் எழுத்து விடாமல் புரிந்தது.

"பேசிட்டியா? டிரையரை ஒடச்சதுக்குத்தானே காய் விட்ட? பிஸ்கட், பேனா, தொப்பி எல்லாம் உனக்குக் குடுத்தேன். நீ வேணாம்னு திருப்பி வெச்சுட்ட."

சொல்லிவிட்டு இரண்டு விரல்களைச் சேர்த்து அவள் பக்கம் நீட்டினான். சின்ன வயதில் சண்டை முடிந்து பழம் விடும்போது அப்படித்தான் நீட்டுவான்.

அக்கா தன் விரல்களை அவற்றின்மேல் வைத்தாள்.

எந்த டிரையர், எப்போது உடைந்தது, என்ன சொல்லித் திட்டினாள்? எவ்வளவு யோசித்தும் அவளுக்கு ஞாபகமே வரவில்லை.