ஏழு மாத மௌனம்

"எங்கப்பாவும் அம்மாவும் ஏன் பேசிக்கிறதே இல்ல?" என்று அமெரிக்காவில் ஒரு தேவாலயத்தின் ஞாயிறு வகுப்பில் சிறுமி ஹேசல் கேட்டாள். அன்று மாலையே பாஸ்டர் அவர்கள் வீட்டுக்கு வந்துவிட்டார்.

"மார்லிஸ், டுவைட் மேல என்னம்மா கோபம்?"

"கோபமா? அவர் தங்கமான மனுஷன், பாஸ்டர்!"

"அப்புறம் ஏன் உப்பைக்கூடக் குழந்தை மூலமா கேக்கறே?"

"அவர் தேர்தல்ல நிக்கிறாரில்ல? அவரைச் சாராம, அவருக்காக விளம்பரம் போடற தனிக் குழுவுக்கு நான்தான் தலைவி. வேட்பாளரும் குழுவும் கலந்து பேசித் திட்டம் போட்டா சட்டப்படி குத்தம். உப்புல ஆரம்பிச்சா விளம்பரத்துலதானே போய் முடியும்? முத்தம் குடுக்கலாமான்னு வக்கீலைக் கேட்டிருக்கேன். இன்னும் பதில் வரல."

நவம்பரில் டுவைட் தோற்றார். மறுநாள் விடிந்ததும், அயர்ந்து தூங்கிய மார்லிஸின் நெற்றியில் முத்தமிட்டு, ஏழு மாதப் பாக்கியைச் சத்தமில்லாமல் தீர்க்கத் தொடங்கினார்.