நட்பு நாட்டுக்கு ஓர் உதவி

ஆள் கணக்கெடுக்கும் காலைப் பெரட்டுக்கு நின்ற வரிசையிலிருந்து பக்கிரிசாமியை மட்டும் சட்டையைப் பிடித்து இழுத்து முன்னால் நிறுத்தினார்கள்.

பொழுது அப்போதுதான் விடிந்திருந்தது. மலாயாவில் சுங்கை லாலாங் பக்கத்து ரப்பர் தோட்டம். வேலைக்குப் போகிற சனம் முழுக்கக் களத்தில் நிற்க, ஜப்பான் ராணுவ போலீஸின் லாரி ஆபீஸ் வாசலில் உறுமிக்கொண்டிருந்தது. அந்த லாரியில் ஏறிப் போனவன் எவனும் இதுவரை வீடு திரும்பியதில்லை.

அதிகாரி அழகேசனைக் கைகாட்டிக் கூப்பிட்டான்.

கூப்பிடாமல் இருப்பானா? தோட்டத்து இந்திய சுதந்திரச் சங்கத்துக்கு அழகேசன்தான் செயலாளர். ஜப்பான் நட்பு நாடு. வெள்ளைக்காரனை விரட்ட நமக்குத் தோள் கொடுக்கிற நாடு. அலோர் ஸ்டார் கூட்டத்தில் மேடையேறியவர்கள் எல்லோரும் தொண்டை கிழிய அப்படித்தான் சொன்னார்கள்.

மலையில் ஒளிந்திருக்கும் வெள்ளைக்காரனுக்கு உப்பும் தகவலும் கொண்டு போகிறவன் இந்த ஆள்தானா என்று அதிகாரி உடைந்த மலாயில் கேட்டான்.

இந்த ஆள்தான். அழகேசனுக்கு நன்றாகவே தெரியும். ஏனென்றால் இந்த ஆள் அவன் தங்கை பிச்சையம்மாளின் புருஷன்.

தெரிந்த அன்றைக்கே தடுத்துப் பார்த்தான். அந்த வெள்ளைக்காரன் கம்பியில்லாத் தந்தியில் தட்டுகிற சேதியை வைத்து ஒரு விமானம் கிளம்பினால், பர்மாவில் நம் படையோடு நிற்கிற என் தம்பி தலையில்தானே குண்டு விழும் என்று சண்டை போட்டான்.

"ஒங்க தம்பி பர்மாவுக்குத் தானா போனான் மச்சான். என் தம்பிய சயாமுக்கு ரயிலு ரோடு போட இதே ஜப்பான்காரன்தான் புடிச்சிட்டுப் போனான். யாரு யாருக்குத் துரோகி, நீங்களே சொல்லுங்கலா" என்று பக்கிரிசாமி சிரித்தான்.

துரோகி என்று சொல்லிவிடுவது என்னவோ சுலபம். யாருக்கு என்று கேட்டால்தான் வாயடைத்துப் போகிறது. நட்பு நாட்டின் உளவுப் போலீசுக்குத் தகவல் சொல்வது தாய்நாட்டுக்குச் செய்கிற தொண்டுதான் என்று அழகேசனின் ஒரு மனம் சொல்லும். தங்கச்சி தாலியை அறுத்துவிட்டு எந்த நாட்டுக்குடா தொண்டு செய்யப் போகிறாய் என்று இன்னொரு மனம் காறித் துப்பும். கேட்டால் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே வந்தான்.

இப்போது கேட்டேவிட்டார்கள்.

வரிசையில் நின்ற பிச்சையம்மாள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அண்ணனையே பார்த்தாள். எல்லோரும்தான் பார்த்தார்கள். ஒரு முகத்திலும் ஈயாடவில்லை.

அழகேசன் கண்ணை இறுக மூடிக்கொண்டு தலையை மட்டும் ஆட்டினான்.

அதிகாரி சற்று நேரம் அந்தத் தலையையே முறைத்தான். பிறகு காலை நேரத்தை வீணாக்கிய கோபத்தில் அழகேசன் கன்னத்தில் பளாரென்று ஓர் அறை விட்டான். பக்கிரிசாமியையும் ஓர் உதை விட்டு வரிசைக்குள் தள்ளினான். லாரியில் போய் ஏறிக்கொண்டான்.

அழகேசன் வாயே திறக்கவில்லை. லாரி வெறுமனே திரும்பிப் போனது.

பக்கிரிசாமிக்கு அது மறுபிறவிதான். சனம் அவனைச் சூழ்ந்துகொண்டது. ஆண்கள் முதுகைத் தடவிக் கொடுத்தார்கள், பெண்கள் அழுதார்கள். அழகேசன் பக்கம் ஒருவரும் வரவில்லை.

குழாயடியில் அவன் வாளியை வைத்ததும், பெண்கள் நிரம்பாத குடங்களைத் தூக்கிக்கொண்டு நகர்ந்தார்கள். சங்கத்துப் பிள்ளைகளைப் பார்த்து ஜெய் ஹிந்த் என்றான். அவர்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். எப்போதும் வழிமறித்துப் பேசும் பக்கத்து வீட்டுக் காளியம்மாகூட, அவனைக் கண்டதும் வேறு பாதையில் இறங்கிப் போனாள்.

பெண்டாட்டி செத்ததிலிருந்து அழகேசனுக்குச் சாப்பாடு தங்கை வீட்டில்தான். கூலிக்காரர் லயத்தில் தன் அறையில் பொழுது சாயும்வரை காத்திருந்தான். மரவள்ளிக்கிழங்கு வரவில்லை. பசியைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். நாள் முழுக்கத் தன் மூச்சுச் சத்தத்தை மட்டுமே கேட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பதைப் பொறுக்க முடியவில்லை. பாவி மனுஷன், எழுந்து நடந்தான்.

பிச்சையம்மாள் கதவை மறித்துக்கொண்டு நின்றாள். உள்ளே பக்கிரிசாமி சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்திருந்தான்.

"அவன் ஜப்பான்காரண்ணே. நம்ம தலை ரெண்டு பக்கமும் ஆடுனா இல்லேங்கிறோம்னு நெனச்சிக்கிட்டான். நாங்க எல்லாரும் தமிழங்கதானே? நீங்க ஆமான்னு ஆட்டுனது எங்களுக்குத் தெரியாதா?"

சத்தம் போடாமல்தான் சொன்னாள். கதவையும் மெதுவாகத்தான் சாத்தினாள்.

அழகேசன் சாத்திய கதவுக்கு முன்னாலேயே நின்றான். அதிகாரி தப்பாக விளங்கிக்கொண்டான் என்பது, கன்னத்தில் அறை விழுந்ததுமே அவனுக்குத் தெரிந்துவிட்டது. மலாயில் ஆமாம் என்று ஒரே ஒரு 'யா' சொல்லியிருந்தால் போதும், லாரி பக்கிரிசாமியை ஏற்றிக்கொண்டு போயிருக்கும்.

அவன் சொல்லவில்லை. அதை மட்டும் யாரும் பார்க்கவில்லை.