மீன் வெட்டுற கல்லு

"எந்திரிம்மா! கத்தியைக் கீழ போடு! இது மேலயா மீன் வெட்டுற?"

அந்த அதட்டலில் ஹில்டாவின் கையிலிருந்த சங்கரா மீன் நழுவி மணலில் விழுந்தது. நெட்டுக்குப்பம் கரையில் ஒன்பது வருஷமாக மீன் வெட்டிக் கொடுக்கிறாள். படகு வந்து நிற்கிற இடத்துக்கு நேரெதிரே இந்தக் கல்லைப் போட்டு உட்கார்ந்திருப்பதால்தான் அவளுக்குப் பிழைப்பே ஓடுகிறது. மீனைச் சரியாக வெட்டவில்லை என்று சண்டைக்கு வந்தவர்கள் உண்டு. கல்லுக்காக யாரும் வந்ததில்லை.

"இன்னா சார், கல்லு மேலதானே வெட்றேன்? உன் தலை மேலயா வெட்றேன்?"

"கல்லா? இது கல்மரம்மா! ரெண்டு கோடி வருஷத்துக்கு முன்னாடி மண்ணுல புதைஞ்ச மரம், கல்லா மாறியிருக்கு. அந்த வளையத்தைப் பாரு. பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க வந்து பார்த்துப் படிக்க வேண்டிய பொக்கிஷம். அது மேல ரத்தமும் செதிலும்! கண்றாவி!"

வந்தவர் திருமுருகன், காப்பாளர். அவருடைய ஜீப் கதவில் 'நிலவியல் காட்சியகம்' என்று பெரிதாக எழுதியிருந்தது. கடற்கரைக்கு வந்த யாரோ எடுத்த போட்டோவைப் பார்த்துவிட்டு, கையோடு க்ரேனையும் கூட்டி வந்திருந்தார்.

ஹில்டா குனிந்து பார்த்தாள். வளையம் வளையமாக இருக்கத்தான் செய்தது. தினமும் தேய்த்துக் கழுவுகிற கல்லை இத்தனை நாள் கவனிக்காமல் போனோமே என்று அவளுக்கே கூச்சமாகிவிட்டது.

"எங்கேயிருந்து திருடினீங்க?"

கூச்சம் பறந்துவிட்டது. "நாக்கை அடக்கிப் பேசு சார்! இடிச்ச கட்டடத்தை லாரி லாரியா எங்க கரையில கொட்டிட்டுப் போறானுங்களே, அதுல வந்துச்சு. ஒரு பக்கம் சமமா கீதேன்னு எங்க வூட்டுக்காரரு இழுத்தாந்து போட்டாரு."

"பொய்! படிச்சவன் எவனாவது இதைக் குப்பையில போடுவானா? பதினைஞ்சு வருஷமா காட்சியகம் என் பொறுப்புல இருக்கு. பழைய கட்டடத்தை இடிச்சுப் புதுசு கட்டினப்பகூட ஒரு கூழாங்கல் தொலையல, தெரியுமா? உங்களுக்கெல்லாம் எதோட அருமையும் தெரியாது. உன் லாரிக் கதையை ஸ்டேஷன்ல வந்து சொல்லு!"

ஹில்டாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "நல்லா கீது நியாயம்! கொட்டினவன் ஏசி ரூம்ல குந்திகினு இருப்பான், பொறுக்கி வச்சவ மேல கேஸா? மொதல்ல அவனைப் புடி சார்!"

"பிடிக்கிறேன். அவன் எவனா இருந்தாலும் வேலையை விட்டுத் துரத்தாம ஓயமாட்டேன். ரஹீம், தூக்குப்பா!"

க்ரேன் டிரைவர் ரஹீம் சங்கிலி மாட்டித் தூக்கி, கல்லைப் புரட்டி மெல்ல இறக்கினார். அடியில் அப்பியிருந்த சிமெண்ட் பொலபொலவென்று உதிர்ந்தது. உள்ளே ஒரு பித்தளைத் தகடு.

ஹில்டா அதை முந்தானையால் அழுத்தித் துடைத்தாள். எழுத்துக் கூட்டி, ஊருக்கே கேட்கிற மாதிரி படித்தாள்.

"நிலவியல் காட்சியகம். பொருள் எண் நாற்பத்தொன்று."

படித்துவிட்டு ஜீப் கதவைப் பார்த்தாள். அதே பெயர்.

திருமுருகன் கர்ச்சீப்பால் முகத்தைத் துடைத்தார். "ரஹீம்... பழையபடியே கவிழ்த்து வச்சிடுப்பா."

"கவுக்காதே நைனா," என்றாள் ஹில்டா. "பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க வந்து பாத்துப் படிக்கட்டும்."