மன்னரின் தந்திகள்

கனடாவில், செயின்ட்-மிஷேல் சலவைக்கடையின் கண்ணாடி வழியே பனியின் வெளிச்சம் கண்ணைக் குத்துகிறது. துணி உலர்த்தும் இயந்திரத்துக்குள் யாருடையதோ ஒரு ஜீன்ஸின் பொத்தான் டக் டக்கென்று அடித்துக்கொண்டே இருக்கிறது. சுகந்தினி கைபேசித் திரையைக் கட்டைவிரலால் இழுத்து இழுத்துப் புதுப்பிக்கிறாள். வளைகுடா நாடொன்றின் அரச செய்தி நிறுவனத்தின் பக்கம் அது. அந்த நாட்டில் கட்டிக்கொண்டிருந்த கோபுரத்தின் சாரம் சரிந்து, அவளுடைய தம்பி கஜீபனும் இன்னும் பதினொரு பேரும் செத்து இன்றைக்கு ஐந்தாம் நாள். அதைப் பற்றி ஒரு வரி இல்லை. ஏதோ ஒரு தீவின் தேசிய தினத்துக்கு மன்னர் வாழ்த்துத் தந்தி அனுப்பியிருக்கிறார். மன்னர் குதிரைப் பந்தயம் பார்த்திருக்கிறார். அதற்கு மட்டும் ஒன்பது படங்கள். பக்கத்தில் நின்று போர்வையை மடிக்கும் கணவன் திரையைப் பார்க்காமலே சொல்கிறான்.

“அவங்கள் போடமாட்டாங்கள். விடுமப்பா.”

“பன்னிரண்டு பேர் செத்திருக்கினம். எப்பிடிப் போடாமல் விடுறது?”

அவள் மறுபடியும் இழுக்கிறாள். புதிதாக ஒரு செய்தி வந்து விழுகிறது. மன்னர் இரங்கல் தந்தி அனுப்பியிருக்கிறார். சுகந்தினியின் விரல் அந்தரத்தில் நிற்கிறது. நேற்றுக் கியூபெக் நெடுஞ்சாலையில் பனிப்புயலுக்குள் வாகனங்கள் மோதி நாலு பேர் இறந்துபோனார்களே, அதற்காம். கனடிய மக்களின் துயரத்தில் அவரும் பங்குகொள்கிறாராம். இயந்திரம் நின்றுவிடுகிறது. அவள் கைபேசியைக் கணவனின் முகத்துக்கு நேரே நீட்டுகிறாள்.

“வாசியுங்கோ. நானும் கனடாக்காரிதானே. எனக்கும் சேர்த்துத்தான் அனுப்பியிருக்கிறார்.”