மோட்டார் நின்ற மதியம்

மோட்டாரின் சத்தம் நின்றது.

அவர் ஜன்னலுக்கு வந்தார். வீட்டின் பின்புறம் நீச்சல் குளம். மூன்று நாட்களாகச் சுழன்றுகொண்டிருந்த தண்ணீர் அசையாமல் கிடந்தது.

சமையலறையில் ஃபிரிட்ஜும் அடங்கியிருந்தது. டல்லாஸில் கரண்ட் போகாது என்று மகள் அரசி சொல்லியிருந்தாள்.

அரசியும் மாப்பிள்ளையும் சிகாகோ விமான நிலையத்தில் மாட்டிக்கொண்டிருந்தார்கள். பனி. வீட்டில் இருந்தது இரண்டே பேர். அவரும் மாப்பிள்ளையின் அப்பாவும்.

இருவருக்கும் பேச்சு இல்லை.

நான்கு வருடங்களுக்கு முன் மாப்பிள்ளை அழைப்பன்று, வரவேற்க ஆளில்லாமல் மண்டப வாசலில் பத்து நிமிடம் நின்றோம் என்பது சம்பந்தியின் கட்சி. சொன்ன நேரத்துக்குப் பத்து நிமிடம் முன்னால் வந்தால் நிற்கத்தான் வேண்டும் என்பது அவர் கட்சி.

முதலில் வாய் திறப்பவர் தப்பை ஒப்புக்கொண்டவர் ஆவார்.

அவர் குடும்பத்தில் யாரும் அப்படி ஒப்புக்கொண்டதில்லை.

கைப்பேசி ஒலித்தது. மாப்பிள்ளை. அவர் அதை மேசைமேல் வைத்து ஸ்பீக்கரைப் போட்டு, மோட்டார் நின்றதைச் சொன்னார். சம்பந்தி மேசையின் மறுபக்கம் வந்து நின்றார்.

ஓடும் தண்ணீர் சுலபத்தில் உறையாது, நின்றால் உறையும் என்றார் மாப்பிள்ளை. உறைந்தால் பருத்து மோட்டாரைப் பிளந்துவிடும். முதலில் சுவிட்சை அணைக்க வேண்டும். மோட்டாரின் அடியில் இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என இரண்டு திருகுமூடிகள். இரண்டையும் கழற்றி உள்ளே நிற்கும் தண்ணீரை வடித்துவிட வேண்டும். இந்தக் குளிரில் ஒரு மணி நேரம் தாங்கினால் அதிகம்.

“உங்கப்பாவை உக்காரச் சொல்லுங்க மாப்பிள்ளை. பையனைப் பெத்தவர் முட்டி போடக் கூடாது.”

சம்பந்தி கைப்பேசியின் பக்கம் குனிந்தார். வீட்டுக்கு வந்த விருந்தாளியை வேலை வாங்கும் பழக்கம் நம் வீட்டில் இல்லை என்று உன் மாமனாரிடம் சொல் என்றார் மகனிடம்.

சிகாகோவில் மாப்பிள்ளை பெருமூச்சு விட்டார்.

அதோடு கைப்பேசி அணைந்தது. சார்ஜ் இல்லை. சம்பந்தியின் கைப்பேசி காஞ்சிபுரத்தோடு சரி. இங்கே வேலை செய்யாது.

இனி சொல்லி அனுப்ப ஆளில்லை.

அவர் கம்பளிக் கால்சட்டைக்கு மேல் வேட்டியைக் கட்டினார். குரங்குக் குல்லாயை இழுத்து விட்டுக்கொண்டார். பின்கதவைத் திறந்தார்.

காற்று கன்னத்தில் அறைந்தது.

சுவிட்சை அணைத்தார். மோட்டார் அருகே முட்டி போட்டார். அறுபத்தெட்டு வயதில் கோயிலைத் தவிர வேறெங்கும் போடாத முட்டி.

மூடி அசையவில்லை.

இரண்டு கையாலும் திருகினார். குளிரில் இறுகிப்போயிருந்தது. விரல்கள் இருக்கின்றனவா என்பதே தெரியவில்லை. மோட்டாரின் கண்ணாடி மூடி வழியே உள்ளே பார்த்தார். தண்ணீரில் வெள்ளையாக ஊசி ஊசியாக ஏதோ ஓடத் தொடங்கியிருந்தது.

தான் காவலிருந்த வீட்டில் மோட்டார் வெடித்தது என்று நாளை காஞ்சிபுரம் பேசும்.

பின்னால் கதவு திறந்தது.

செருப்புச் சத்தம் நெருங்கி வந்து நின்றது. ஒரு நிழல் மோட்டாரின் மேல் விழுந்தது. நிழலின் கையில் ஒரு பாத்திரம். பாத்திரத்திலிருந்து ஆவி.

வெந்நீர்.

மூடியின் மேல் அவர் கை இருந்தது. கை இருக்கும் இடத்தில் ஊற்ற முடியாது. கையை எடுக்கச் சொன்னால் சம்பந்தி முதலில் பேசியவர் ஆவார். ஊற்றச் சொன்னால் அவர்.

சம்பந்தி தொண்டையைச் செருமினார்.

செருமல் பேச்சில் சேராது. அவர் கையை எடுக்கவில்லை.

ஆவி மெலிந்துகொண்டே வந்தது.

வெள்ளை ஊசிகள் ஒன்றோடொன்று கைகோத்தன.

“ஊத்துங்க.”

“கைய எடுங்க சம்பந்தி.”

எது முந்தியது என்று சொல்வது கடினம். வெந்நீர் விழுந்தது. மூடி முனகியது. அரைச் சுற்று. ஒரு சுற்று. தண்ணீர் குபுக்கென்று வெளியே பாய்ந்து வேட்டியை நனைத்தது.

மறுபக்கத்து மூடிக்கு அவர் எழுவதற்குள் சம்பந்தி அங்கே முட்டி போட்டுவிட்டார். மிச்சமிருந்த வெந்நீரைத் தானே ஊற்றி, பல்லைக் கடித்துக்கொண்டு திருகினார்.

பையனைப் பெத்தவர்.

தடுத்திருக்க வேண்டும். அவர் தடுக்கவில்லை. வேலை முடிந்ததும் முழங்கையைப் பிடித்துத் தூக்கிவிட்டார். எழுந்தவர், உடனே கையை விடவில்லை. வழுக்கும் தரை அல்லவா.

சாயங்காலம் கரண்ட் வந்தது. கைப்பேசிக்கு உயிர் வந்த மறு நிமிடமே அரசி அழைத்தாள்.

மோட்டார் பிழைத்தது என்றார் அவர். சுவிட்சைத் தொடவில்லை, நீங்கள் வந்து பார்த்துப் போட்டுக்கொள்ளுங்கள்.

அரசிக்கு மோட்டார் முக்கியமாக இல்லை. இரண்டு மூடி, இரண்டு பேர், பேசாமல் எப்படி என்று கேட்டாள். அப்புறம் குரலைத் தாழ்த்தினாள். யார் முதலில்?

அவர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

“நான்தான்மா.”

எதிரே தன் அறைக்குப் போவதற்காக எழுந்த சம்பந்தி, திரும்ப உட்கார்ந்தார்.

“வெந்நீர் வச்சது யாருன்னு அதையும் சொல்லுங்க.”

அவர் சொன்னார். கரண்ட் இல்லாமல் தானாகப் பற்றாத கேஸ் அடுப்பு, பூஜை அலமாரியில் தேடி எடுத்த தீப்பெட்டி, கிழித்து வீணான நான்கு குச்சிகள். சம்பந்தி வாயால் கேட்ட எல்லாவற்றையும், பார்த்தவர் போலவே சொன்னார்.

குச்சி ஐந்து என்று சம்பந்தி திருத்தினார்.

ஐந்து என்றே சொன்னார் அவர்.