கரையில் ஒழுகாத என்ஜின்

“நீ என்ஜினைப் பார்க்கிறியா, இல்ல அது உன்னைப் பார்க்குதா?”

படகோட்டியின் குரல் துறை முழுக்கக் கேட்டது. அவர் படகில் ஹாரன் கெட்டுப்போய் வருஷக்கணக்கில் ஆகிறது. யாரும் மாற்றவில்லை. தேவைப்படவில்லை.

மெக்கானிக் என்ஜினுக்கு அடியில் விரித்திருந்த வெள்ளைத் தாளை வெளியே இழுத்தான். துறையில் எல்லோரும் அவனை ‘டாக்டர்’ என்றுதான் கூப்பிடுவார்கள். தாளில் என்ஜினைக் குளிர்விக்கும் பச்சைக் கூலன்ட் ஒரு சொட்டுகூட இல்லை.

“ஒழுகலையே அண்ணே! கூலன்ட் டேங்குக்குக் காத்தடிச்சும் பார்த்துட்டேன். பிரஷர் முள் இறங்கவே இல்ல.”

“கரையில கட்டிப்போட்டா நல்ல பிள்ளையாத்தான் இருக்கு. ஆளேத்திக்கிட்டு நடுத்தண்ணிக்குப் போனா கொதிக்குதே! பாதி கூலன்டைக் காணோம். நானா குடிச்சேன்?”

“ஒருவேளை நீங்க ஓட்டறதுல ஏதாவது...” என்று இழுத்தான்.

“என்னையா சொல்ற? பல்லு விளக்கறதுக்கு முன்னாடி டீசல் அளக்கிற ஆளு நான்! என் கவனக்குறைவால இந்தப் படகு ஒரு தடவை நின்னிருக்கா? யாரை வேணும்னாலும் கேட்டுப் பாரு!”

கேட்கவே வேண்டாம். தினமும் அவரே சொல்லிவிடுவார்.

“இன்னைக்கு நீயும் கூட வர்ற. ஓடும்போது பாரு.”

மெக்கானிக் ஒரு அடி பின்னால் நகர்ந்தான். எந்தப் படகையும் அவன் கரையில் கட்டிவைத்துத்தான் பார்ப்பான். கூட வரச் சொன்னால் முழங்கால் வலி, கடையில் ஆளில்லை, மனைவிக்குக் காய்ச்சல் என்று தடவைக்கு ஒரு காரணம். உண்மையான காரணம் தண்ணீர். அதைப் பார்த்தாலே அவனுக்கு உயிர் போகும். படகு என்ஜின் டாக்டருக்கே தண்ணீர் பயம் என்று தெரிந்தால் துறையில் தலைகாட்ட முடியுமா? அப்புறம் எவன் நம்பி என்ஜினைக் கொடுப்பான்?

“இல்லண்ணே... முழங்கால்...”

“முழங்காலை இங்கேயே விட்டுட்டு வா. ஏறுடா!”

பயணிகள் கொல்லென்று சிரித்தார்கள். படகோட்டியை மனசுக்குள் வாய்க்கு வந்தபடி திட்டிக்கொண்டே ஏறினான்.

ஏறினவன் நடுப்பலகையைத் தூக்கி, தலையை என்ஜினுக்குள் விட்டதுதான் தெரியும். அந்தச் சத்தமும் டீசல் வாசமும் மூக்கிலும் காதிலும் ஏறியதும் தண்ணீர் மறந்தே போயிற்று.

படகு முழு வேகம் எடுத்தது. என்ஜின் லேசாக ஒரு பக்கம் சாய்ந்தது. சாய்ந்ததும் ஒரு ரப்பர் குழாய் பக்கத்து இரும்பில் போய் உரச, அதன் அடியில் இருந்த கீறல் திறந்து பச்சையாகத் துப்பியது.

“அடி கள்ளி! ஆட்டம் போட்டாத்தான் வாயைத் திறப்பியா? அண்ணே, நிறுத்துங்க! பிடிச்சிட்டேன்!”

சூடு ஆறும்வரை தலையை வெளியே எடுக்காமலே காத்திருந்தான். கீறலுக்கு ரப்பர் பட்டை சுற்றினான். உரசாதபடி குழாயைத் தள்ளிக் கட்டி, கூலன்ட் ஊற்றினான்.

“இப்போதைக்குத் தாங்கும். துறைக்குப் போனதும் புதுக் குழாய் போட்டுடலாம்.”

“டாக்டர்னா டாக்டர்தான்!” பயணிகள் கைதட்டினார்கள்.

பெருமையாக நிமிர்ந்தான். நிமிர்ந்ததுதான் தப்பு.

நாலு பக்கமும் தண்ணீர். எதிர்க்கரை கோடு மாதிரித் தெரிந்தது. நின்ற படகு இப்படியும் அப்படியும் ஆடியது. படகின் ஓரக் கம்பியை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டான். நெற்றியெல்லாம் வேர்வை. பொய்யாக வலித்த முழங்கால் நிஜமாகவே உதறியது.

“என்ன டாக்டர், முகமெல்லாம் வெளுத்துப் போச்சு? தண்ணின்னா உங்களுக்கு...” ஒரு பயணி சிரித்துக்கொண்டே ஆரம்பித்தார். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள்.

“ஐயையோ!” படகோட்டி தலையில் அடித்துக்கொண்டார். “டீசல் போட மறந்துட்டேன்! எதிர்க்கரை வரைக்கும் தாங்காது. திரும்பிட வேண்டியதுதான்!”

அவ்வளவுதான். மொத்தப் படகும் அவர் மேல் பாய்ந்தது.

“பல்லு விளக்கறதுக்கு முன்னாடி டீசல் அளக்கிற ஆளாச்சே நீங்க!”

“இன்னைக்குப் பல்லே விளக்கலையோ என்னவோ!”

“பேச்சு மட்டும் வண்டி வண்டியா வருது!”

கரை சேரும்வரை காய்ச்சி எடுத்தார்கள். அவர் ஒரு வார்த்தை திருப்பிப் பேசவில்லை. கம்பியைக் கட்டிக்கொண்டு நின்றவனை அதற்கப்புறம் யாரும் கவனிக்கவே இல்லை.

பயணிகள் முணுமுணுத்துக்கொண்டே இறங்கி அடுத்த படகுக்குப் போனார்கள். படகைக் கட்டியதும் மெக்கானிக்குக்குப் போன உயிர் திரும்பி வந்தது. என்னைக் கட்டாயப்படுத்தி ஏத்தினாரில்ல, இந்த மனுஷனுக்கு நல்லா வேணும் என்று கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது.

“நான் போய் வாங்கிட்டு வரேண்ணே. எவ்வளவு பிடிக்கும்னு பார்க்கிறேன்” என்று தாராளமாகச் சொல்லி, டீசல் டேங்கின் மூடியைத் திறந்தான்.

கழுத்துவரை டீசல் நிறைந்து நின்றது.

படகோட்டி இரண்டு பக்கமும் பார்த்தார். ஹாரன் வேண்டாத அந்தக் குரல் முதல் தடவையாகக் காதோடு காதாக வந்தது.

“சீக்கிரம் மூடுடா. யாராவது பார்த்துடப் போறாங்க!”