ஒட்டுமா?

மருந்துக் குழாயை என் வலது காதுக்கு மேலே பிடித்துக்கொண்டு அண்ணன் நின்றான். என் தலை ஆடிக்கொண்டிருந்தது.

"விடவா, வேண்டாமாடா? சீக்கிரம் சொல்லு. சாப்பாட்டு நேரம் முடியப்போகுது."

எனக்குத் தெரிந்தால்தானே சொல்வதற்கு.

காதுக்கு மேலே ஒரு சொட்டை. ஆரம்பத்தில் சட்டைப் பொத்தான் அளவுதான் இருந்தது. இன்று காலை பார்த்தால் நெற்றிப் பக்கமாக அதற்கு ஒரு வால் முளைத்திருக்கிறது. முடி முளைக்காத இடத்தில் வால்.

முதலில் பார்த்த டாக்டர் அதைப் புழுவெட்டு என்றார். புழுவெல்லாம் கிடையாதாம், பெயர்தான் அப்படியாம். உடம்பே தன் முடியைப் பகையாளி என்று நினைத்துப் பிடுங்கிப் போடுகிறதாம். இந்த மருந்தைக் காலையும் மாலையும் சொட்டுச் சொட்டாக விடச் சொன்னார்.

"தூக்கம் எப்படி?" என்றும் கேட்டார். நன்றாகத் தூங்குகிறேன் என்றேன். அது உண்மை.

பக்கத்தில் இருந்த அண்ணன் ஒன்றே ஒன்றுதான் கேட்டான்.

"இது ஒட்டுமா டாக்டர்?"

ஒட்டவே ஒட்டாது, தைரியமாக இருங்கள் என்று டாக்டர் அவன் தோளைத் தட்டினார்.

மருந்து விட விட அரித்தது. செதில் செதிலாக உதிர்ந்து காலர் முழுக்க மாவு சிந்தியதுபோல் கிடந்தது. இரண்டாவது டாக்டரிடம் போனோம். புழுவெட்டாவது ஒன்றாவது, இது படை என்றார் அவர். முன்னவர் கொடுத்த மருந்து படைக்குத் தீனி என்றார். கொஞ்சம் சுரண்டி எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பினார்.

அண்ணன் அவரிடமும் அதையே கேட்டான்.

நன்றாக ஒட்டும் என்றார். சீப்பு, துண்டு, தலையணை எல்லாம் தனித்தனியாக இருக்கட்டும் என்றார்.

ஒருவர் சொன்னால் கேட்கலாம். இருவர் சொன்னால் யாரைக் கேட்பது? வேலை பார்க்கும் கிடங்கின் மேற்பார்வையாளர் வேறு தன் பங்குக்கு, தூக்கமில்லாத உடம்பில் முடி எப்படி நிற்கும் என்கிறார். கிடங்கில் என் பட்டப்பெயர் இரும்பு. அடுத்தடுத்து இரண்டு ஷிப்ட் பார்த்தும் சோராத ஆளுக்கு அவர் வைத்த பெயர்.

எனக்கு அவரைப் பற்றிப் பயமில்லை. வாசல் காவலாளியைப் பற்றித்தான். உள்ளே நுழையும்போது தொப்பியைக் கழற்றி முகத்தைக் காட்ட வேண்டும். அடையாள அட்டையைப் பார்ப்பார், முகத்தைப் பார்ப்பார். இப்போதெல்லாம் சொட்டையையும் பார்க்கிறார்.

"என்னப்பா இரும்பு, சாப்பிட்டு வந்ததும் சொட்டை சுருங்கிடுதே!" என்று நேற்று சிரித்தார்.

சிரிப்பு இன்னும் எத்தனை நாளைக்கு என்று தெரியாது. இந்தச் சொட்டை பரவினால் வேலை போய்விடும். வேலை போனால் வீட்டில் அடுப்பு எரியாது.

சற்றுமுன் இரண்டாவது டாக்டர் போனில் வந்தார். பரிசோதனை முடிவு வந்துவிட்டதாம். நடுவில் கொரகொரவென்று ஏதோ சத்தம். கடைசியில் ஒன்று மட்டும் காதில் விழுந்தது.

"அந்த மருந்த விட்டுடுங்க."

அதோடு லைன் போய்விட்டது. திரும்பத் திரும்பக் கூப்பிட்டோம், எடுக்கவில்லை.

மருந்தை நிறுத்திவிடச் சொன்னாரா, தலையில் விடச் சொன்னாரா? படை என்று உறுதியாகியிருந்தால் நிறுத்த வேண்டும். புழுவெட்டுதான் என்று தெரிந்திருந்தால் விட வேண்டும். நாலு சொட்டு மருந்து. விட்டால் வால் நீளுமா, விடாவிட்டால் நீளுமா?

அண்ணன் கடிகாரத்தைப் பார்த்தான். குழாயைக் கீழே வைத்தான்.

"அப்புறம் பாத்துக்கலாம். அந்தப் பக்கம் திரும்பி உக்காரு. ஆடித் தொலையாதே."

முகம் மழிக்கும் நுரையை எடுத்துத் தன் வலது காதுக்கு மேலே தடவினான். அங்கே நேற்று வழித்த வட்டத்தில் முடி மணல் மணலாகத் துளிர்த்திருந்தது. கண்ணாடியில் தன்னைப் பார்த்து, திரும்பி என்னைப் பார்த்து, ரேசரால் வட்டத்தைச் சுத்தமாக வழித்தான். பிறகு அதற்கு ஒரு வால் இழுத்தான்.

அண்ணன் என்றால் சில நிமிடங்களுக்குத்தான் மூத்தவன். எங்கள் இருவருக்கும் முகம் ஒன்று, அட்டை ஒன்று. முதல் ஷிப்ட் நான், சாப்பாட்டு நேரத்தில் ஆள் மாறி இரண்டாவது அவன். இருவருமாக மொட்டை அடித்துக்கொள்ளலாம் என்றால், அவன் மண்டையில் மட்டும் சின்ன வயதில் போட்ட தையல் தழும்பு இருக்கிறது.

என் கழுத்திலிருந்த அட்டையைக் கழற்றி மாட்டிக்கொண்டான். பிறகு என் சீப்பை எடுத்து, வழித்த இடத்தில் பல் பதியும்படி தேய்த்தான். வாருவதற்கு அங்கே ஒரு முடிகூட இல்லை. தோல் சிவந்துவிட்டது.

"டேய், ஒட்டிக்கப்போகுது!"

"அதுக்குத்தாண்டா," என்றான்.